படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

வீடியோ திறக்கிறது, படம் தெளிவாக ஓடுகிறது, ஆட்கள் வாயசைக்கிறார்கள். சத்தம் மட்டும் இல்லை. இந்த இடத்தில் நம்மில் பலர் முதலில் செய்வது ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்ப்பது. அடுத்து கணினியை அணைத்துப் போடுவது. இரண்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு செய்வதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. கண்ணில் பட்ட கோடெக்கை (சுருக்கி வைத்த படத்தையும் ஒலியையும் விரிக்கும் மென்பொருள்) எல்லாம் நிறுவுவது, டிரைவரை (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருள்) நீக்குவது, துணிந்தவர்கள் விண்டோஸையே புதிதாகப் போடுவது.

நானும் இதைச் செய்தவன்தான். ஒரு நாள் இரவு இரண்டு மணி நேரம் ஒலி டிரைவரோடு மல்லுக்கட்டினேன். நீக்கினேன், மறுபடி நிறுவினேன், பழைய பதிப்புக்குப் போனேன். கடைசியில் பார்த்தால், மேசைக்குக் கீழே கிடந்த பைக்குள் புளூடூத் ஹெட்போன் இணைப்பிலேயே இருந்தது. படத்தின் சத்தம் அத்தனை நேரமும் பைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டிரைவரில் ஒரு குறையும் இல்லை.

அன்று நான் செய்த தவறுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமலே சரிசெய்ய இறங்கிவிட்டேன். கோப்பில் இருக்கும் ஒலியை முதலில் பிளேயர் பிரித்தெடுக்க வேண்டும், பிறகு இயங்குதளம் அதை வாங்கி ஏதோ ஒரு சாதனத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த வழியில் எங்கே அடைப்பு என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். பிரௌசரில் ஏதாவது ஒரு வீடியோவை ஓட்டுங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் உங்கள் கோப்பின் மேல் பழி போடாதீர்கள், கோளாறு கணினிப் பக்கம். பிரௌசரில் சத்தம் வந்தால், அதே பிளேயரில் வேறொரு கோப்பு. எல்லாக் கோப்பும் ஊமை என்றால் பிளேயரின் அமைப்பில்தான் ஏதோ இருக்கிறது. இந்த ஒரு கோப்பு மட்டும் ஊமை என்றால், அதையே வேறொரு பிளேயரில் திறந்து பாருங்கள்.

கணினிப் பக்கம் என்று தெரிந்தாலும் உடனே டிரைவருக்குப் போக வேண்டாம். சத்தம் எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை இணைத்தால், பல நேரம் கணினி அந்த மானிட்டரையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளும். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கினால் வெளியீட்டுச் சாதனத்தை மாற்றலாம்.

அப்புறம் வால்யூம் மிக்ஸர். விண்டோஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி ஒலியளவு உண்டு, என்றோ ஒரு நாள் பிளேயரை மட்டும் மியூட் செய்திருந்தால் அது அப்படியே நினைவில் இருக்கும். பெரிய ஒலியளவுக் கட்டை நூறில் நிற்கும், பிளேயர் மட்டும் வாய் திறக்காது. புதிய விண்டோஸில் ஒரு செயலியை ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும் அனுப்பும் வசதியும் இதே இடத்தில் இருக்கிறது. அந்தச் சாதனத்தைக் கழற்றிவிட்டு மறந்துபோனவர்கள் இங்கேயும் ஒரு கண் வைக்கலாம்.

புளூடூத் ஹெட்செட்டில் இன்னொரு தொல்லை. பின்னணியில் ஏதாவது அழைப்புச் செயலி மைக்கைப் பிடித்து வைத்திருந்தால், பழைய விண்டோஸ் பதிப்புகளில் ஹெட்செட் பேச்சு முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ வெளியீட்டுக்குப் போகும் படத்தின் சத்தம் அப்போது கேட்காமல் போகலாம். அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு ஒன்றும் விண்டோஸில் இருக்கிறது. ‘சத்தமே இல்லை’ என்று வரும் புகார்களில் சில, உண்மையில் ‘சத்தம் ரொம்பக் குறைவு’ என்பவைதான்.

சரி, மற்ற கோப்புகள் எல்லாம் பாடுகின்றன, இந்த ஒரு கோப்பு மட்டும் ஊமை. இங்கே நடக்கும் பெரிய தவறு, கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து முடிவெடுப்பது. ‘எம்கேவி என் கணினியில் ஓடாது’, ‘எம்பி4 என்றால் பிரச்சினையே இல்லை’ என்றெல்லாம் சொல்வார்கள். எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் வெறும் பெட்டிகள். பெட்டிக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒலி ஏஏசியாக இருக்கலாம், எம்பி3, ஏசி3, டிடிஎஸ், ஓபஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். பிளேயருக்குப் பெட்டியைத் திறக்கத் தெரிந்து, படத்தை விரிக்கவும் தெரிந்து, அந்த ஒலி முறை மட்டும் தெரியாமல் போனால், கிடைப்பது நாம் முதலில் பார்த்த ஊமைப்படம். எம்கேவி என்ற பெயரை எம்பி4 என்று மாற்றி வைப்பதால் ஒன்றும் நடக்காது, பெட்டியின் மேல் சீட்டு மாற்றி ஒட்டுவதுதான் அது.

விண்டோஸ் 10 வந்தபோதே எம்கேவி பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் டிடிஎஸ் ஒலியைப் பிரிக்கும் கோடெக் விண்டோஸோடு வருவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய கணினிகளில் ஏசி3 கோடெக்கும் கூட வருவதில்லை. பழைய கணினியில் வருஷக்கணக்காக ஓடிய கோப்பு புது மடிக்கணினியில் ஊமையாவதற்கு இது ஒரு காரணம், கோப்பு கெட்டுப்போகவில்லை. விண்டோஸில் ‘என்’ என்ற எழுத்தோடு வரும் பதிப்பும் உண்டு. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பின் விளைவாக வந்தது அது, அதில் ஊடக வசதிகளே இருக்காது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருக்கும் ஒலி என்னவென்று ஊகிக்கத் தேவையில்லை. விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் கோப்பைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்தினால் எல்லாம் தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளும் இதற்கென்றே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் கோடெக் தேடிக் கிளம்புகிறார்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்: ‘இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை நிறுவுங்கள்’ என்று ஓர் இணையதளம் தானாக முன்வந்து சொன்னால், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 2005இன் கடைசியில் பரவத் தொடங்கிய ஸ்லாப் என்ற ட்ரோஜன் வகைத் தீம்பொருள், வீடியோ கோடெக் வேடம் போட்டுத்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. அந்த வித்தை இன்னும் பழசாகவில்லை. நல்ல கோடெக் தொகுப்புகளும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்றைப் போட்டால், எந்தக் கோப்பை எது திறப்பது என்பதில் அவை ஒன்றோடொன்று மோதும். நேற்று ஓடியதும் இன்று ஓடாது. விஎல்சி, எம்பிவி மாதிரியான பிளேயர்கள் தேவையான கோடெக்குகளைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன, கணினியில் இருப்பதை நம்பி அவை இல்லை. ஏசி3, டிடிஎஸ் இரண்டுமே அவற்றில் ஓடும். வீடு முழுக்கச் சாமான் வாங்கிப் போடுவதைவிட இந்த ஒன்றைப் போடுவது மேல்.

விஎல்சியிலும் சத்தம் இல்லையென்றால்? பாஸ்த்ரூ என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். ஏசி3 அல்லது டிடிஎஸ் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அனுப்புவதற்கான வசதி அது. ரிசீவர் இருந்தால் நல்ல வசதி. இல்லாமல் அதை இயக்கி வைத்தால், அந்த வகைக் கோப்புகளில் சத்தமே வராமல் போகலாம். சாதாரண எம்பி3 மட்டும் ஜோராகப் பாடும், ஆளைக் குழப்பும்.

இதைவிடக் குழப்பமான ஒன்று இருக்கிறது. பின்னணி இசை கேட்கிறது, கதவு சாத்துவது கேட்கிறது, மழை கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. உடனே ‘பிரிண்ட் சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 5.1 ஒலி என்பது ஆறு சேனல்கள், வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், ஆனால் கணினியின் ஒலி அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. அப்போது இல்லாத நடு ஸ்பீக்கருக்கு வசனம் போய்க்கொண்டிருக்கும், இடமும் வலமும் மட்டும் நம் காதுக்கு வரும். ஸ்பீக்கர் அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் ஆறையும் இரண்டாகக் கலந்து தரும், ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். ஹெட்போன் முனை முழுதாக உள்ளே போகாதபோதும் இதே மாதிரி வசனம் மட்டும் காணாமல் போவதுண்டு. அதனால் அதையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

ஒரே கோப்பில் பல மொழி ஒலித்தடங்கள் இருப்பது இப்போது சாதாரணம். முதல் தடம் உங்கள் பிளேயருக்குத் தெரியாத முறையிலும் இரண்டாவது தெரிந்த முறையிலும் இருக்கலாம். தடத்தை மாற்றிப் பார்க்காமலே கோப்பை அழித்தவர்களை எனக்குத் தெரியும். விஎல்சியில் பி விசையைத் தட்டினால் தடம் மாறும். அது ‘டிசேபிள்’ என்ற நிலையில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கோடெக் விவரத்தில் ஒலி என்ற வரியே இல்லையா? அப்படியானால் அந்தக் கோப்பில் சத்தம் இல்லை, அவ்வளவுதான். இணைய வீடியோத் தளங்கள் பல, உயர்தரப் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. தரவிறக்கும்போது படத்தை மட்டும் எடுத்துவிட்டால் மீண்டும் போய் ஒலியையும் எடுத்து வர வேண்டியதுதான். மேக் கணினியில் குயிக்டைம் பிளேயரால் திரையைப் பதிவு செய்தவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள், மைக்கைத் தேர்ந்தெடுக்காமல் பதிவு செய்தால் ஊமைப்படம்தான் மிஞ்சும். இல்லாத ஒலியை எந்த ‘வீடியோ ரிப்பேர்’ மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. அதற்குப் பணம் கட்டுவது வீண்.

எடிட்டிங் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் ஏஏசி ஒலியைப் படிக்காது. பிளேயரில் நன்றாகப் பாடும் எம்பி4 கோப்பு டைம்லைனில் ஊமையாக வந்து உட்கார்ந்தால், கேமராவைச் சந்தேகிக்காமல் ஒலியை மட்டும் பிசிஎம் என்ற சுருக்காத வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

‘ஒலியை மட்டும்’ என்பதை மறந்துவிடாதீர்கள். டிவியில் போட வேண்டும், பிளேயரை மாற்ற முடியாது என்ற நிலை வந்தால் பலர் முழு வீடியோவையும் கன்வெர்ட்டரில் போடுகிறார்கள். ஹேண்ட்பிரேக் போன்றவை படத்தையும் சேர்த்துத்தான் மறுபடி சுருக்கும். மணிக்கணக்கில் ஆகும், படத்தின் தரமும் கொஞ்சம் குறையும். ஏவிடெமக்ஸ் என்ற மென்பொருளில் வீடியோவுக்கு ‘காப்பி’ என்று விட்டுவிட்டு, ஆடியோவுக்கு மட்டும் ஏஏசி தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், படத்தில் கை வைக்காது. கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் இதையே ஒரு வரியில் முடிப்பார்கள். சொந்த வீடியோக்களை இணையத்தில் இருக்கும் கன்வெர்ட்டர் தளங்களில் ஏற்றாதீர்கள். அது யாருடைய சர்வரில் எத்தனை நாள் கிடக்கும் என்று உங்களால் பார்க்க முடியாது.

மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழிக்கக் கை துறுதுறுக்கும். புதுக் கோப்பின் முதல் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு அழிக்காதீர்கள். வாயசைப்பும் சத்தமும் விலகிப்போவது பெரும்பாலும் போகப் போகத்தான் தெரியும். கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஓட்டிப் போய், யாராவது பேசும் இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு அழியுங்கள்.