சைலன்சருக்கு ஆஃபர் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது எப்படி

அமெரிக்காவில் துப்பாக்கி சைலன்சர் வாங்குகிறவர் காசைக் கட்டியதும் பொருளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. விரல்ரேகை, புகைப்படத்தோடு படிவம் 4 என்கிற விண்ணப்பம், துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏடிஎஃப் என்கிற மத்திய அரசுத் துறைக்குப் போய், அங்கே ஒப்புதல் கிடைக்கும்வரை பொருள் கடையில்தான் கிடக்கும், ஆனால் பணம் எப்போதோ கல்லாவுக்குள் போயிருக்கும். இதை மறந்துவிட்டு, சட்டைக்கும் செருப்புக்கும் போடுவது மாதிரி பிளாக் ஃபிரைடே ஆஃபர் போடுகிற கடைகள்தான் வாடிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கின்றன.

முதல் தவறு, பெரிய தவறும் இதுதான்: கையில் சரக்கு இல்லாமல் விற்பது. படிவம் 4-இல் அந்தக் குறிப்பிட்ட சைலன்சரின் வரிசை எண்ணை எழுதியாக வேண்டும். தயாரிப்பாளரிடமிருந்து பொருளே வராதபோது எந்த எண்ணை எழுதுவது? விண்ணப்பம் போய்விட்டது என்று வாடிக்கையாளர் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார், இங்கே படிவத்தில் ஒரு எழுத்துகூட விழுந்திருக்காது. முன்பெல்லாம் ஒப்புதலுக்கே பல மாதங்கள் ஆகும், சில சமயம் ஒரு வருடத்தையும் தொடும், அதனால் கடையின் தாமதத்தையும் சேர்த்து அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கலாம். 2024-இல் இணையவழி விண்ணப்பங்களுக்குச் சில நாட்களிலேயே ஒப்புதல் வரத் தொடங்கிய பிறகு அந்தச் சாக்கு செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு கடையில் வாங்கி அடுத்த வாரமே எடுத்துவந்துவிட்டார் என்றால், உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாதா தவறு யாருடையது என்று?

அடுத்தது வரி விவகாரம். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் சைலன்சருக்கு 200 டாலர் வரி வைத்தது. தொண்ணூறு வருடமாக அந்தத் தொகை மாறவே இல்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் அதைப் பூஜ்யமாக்கியது. இடையில் ஆறு மாதம். "பொறுத்திருந்தால் 200 டாலர் மிச்சம்" என்று தெரிந்த பிறகு அந்த ஆறு மாதத்தில் யார் வாங்குவார்கள்? வியாபாரிகளின் கவலை நியாயமானதுதான். "இப்போதே வாங்குங்கள், வரிப்பணத்தை நாங்கள் தருகிறோம்" என்று அப்போது சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் அந்த 200 டாலர் பில்லிலேயே கழியுமா, பிறகு வருமா, கடையில் அடுத்த முறை வாங்க மட்டும் உதவும் கூப்பனா என்பதை விளம்பரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பெரிய எழுத்தில் "இலவசம்" என்று போட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனை வைத்தால், அதைக் கண்டுபிடிக்கிற நாளில் வாடிக்கையாளருக்குக் கோபம் 200 டாலருக்காக மட்டும் வராது. அப்புறம், வரி போனாலும் விரல்ரேகையும் விண்ணப்பமும் ஒப்புதலும் போகவில்லை. "இனி கெடுபிடி எதுவும் இல்லை" என்கிற தொனியில் விளம்பரம் செய்வது பொய்.

வாடிக்கையாளரின் துப்பாக்கிக்குப் பொருந்துமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைலன்சரை மாட்டுகிற குழல் முனையின் மரை பெரும்பாலும் அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று என்று இருக்கும். பெரிய குண்டு என்றால் 5/8 அங்குலம், 24 என்பது வழக்கம். தள்ளுபடி விலையில், சைலன்சரைக் குழலோடு இணைக்கிற மவுண்ட் சேர்த்தியா, தனிக்காசா? ஒரு பெயரில் ஒப்புதல் வந்துவிட்ட சைலன்சரைச் சும்மா மாற்றிக் கொடுக்கவும் முடியாது, திரும்ப வாங்க இன்னொரு விண்ணப்பம் வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க் மாதிரி தனியார் வைத்திருக்கவே கூடாத மாநிலத்து முகவரிக்கு ஆர்டர் எடுத்துவிட்டுப் பிறகு விழிப்பது, சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, பதில் சொல்லாமல் இருப்பது. "உங்கள் ஆர்டர் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரியை மூன்று முறை அனுப்புவது பதில் ஆகாது. பொருள் வந்ததா, வரிசை எண் ஒதுக்கியாச்சா, வாடிக்கையாளர் ஊர் டீலருக்குப் போக படிவம் 3 என்கிற, டீலருக்கு டீலர் மாற்றும் அனுமதி கிடைத்ததா, படிவம் 4 எந்தத் தேதியில் போனது: இந்த நாலும் இருந்தால் போதும். விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்றால் அதையும் எழுதி, வேண்டாம் என்பவருக்கு முழுப் பணத்தையும் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.