சூப்பர்சார்ஜர் பூட்டிய காருக்கு இன்ஜெக்டர் தேர்ந்தெடுக்கும் முறை

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பூட்டிய பிறகு, நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் போட வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரே ஓர் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எந்த அழுத்தத்தில், எந்த எரிபொருளுக்கு, எந்தப் பருவத்துக் காற்றில் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. வேலூரைப் போல மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தாண்டி, மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரில் இதை அலட்சியப்படுத்தினால் பிஸ்டன்தான் விலை கொடுக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை எஞ்சினுக்கே இக்குறிப்பு பொருந்தும். எரியறைக்குள் நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின்களின் கணக்கு வேறு. மேலும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிப்பதால், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கான கார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று கிராங்கில் (எஞ்சினின் சுழல்தண்டில்) 160 குதிரைத்திறன் தருவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 225 கிராம் பெட்ரோல் செலவழிக்கும். சூப்பர்சார்ஜர் பூட்டியதற்கு 270 கிராம் என்று கொள்வதே பாதுகாப்பு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் கிராங்கிலிருந்தே திறனை எடுத்துக்கொள்கிறது. அந்தத் திறன் சக்கரத்துக்குப் போய்ச் சேராவிட்டாலும் அதற்கான பெட்ரோல் எரிந்தாக வேண்டும். நாக்கிங்கை, அதாவது கலவை நேரம் தவறித் தானாகவே வெடிப்பதை, தவிர்க்கக் கலவையைச் சற்று ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வைப்பதும் செலவைக் கூட்டுகிறது. ஆக, 160-ஐ 270-ஆல் பெருக்கினால் மணிக்கு 43,200 கிராம், அதாவது நிமிடத்துக்கு 720 கிராம். பெட்ரோலின் அடர்த்தியை ஒரு சி.சி.க்கு 0.74 கிராம் என்று கொண்டால் நிமிடத்துக்கு 973 சி.சி.; நான்கால் வகுத்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 243 சி.சி.

இன்ஜெக்டரை அதன் முழுக் கொள்ளளவுக்கு ஓட்டக் கூடாது. 6,500 ஆர்.பி.எம்.-இல் ஒரு முழுச் சுழற்சிக்கு (கிராங்கின் இரண்டு சுற்றுக்கு) கிடைப்பது 18.5 மில்லி விநாடி மட்டுமே. அதில் 80 சதவீதமான 14.8 மில்லி விநாடிக்கு மேல் திறந்திருந்தால், மூடித் திறக்க நேரம் போதாமல், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்லும் அளவும் உண்மையில் தெளிக்கும் அளவும் விலகத் தொடங்கும். எனவே 243-ஐ 0.8-ஆல் வகுக்க, 304 சி.சி. கிடைக்கிறது.

பழைய கணக்குகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் 14.7, இ20-க்கு அது ஏறத்தாழ 13.5 ஆவதால், அதே காற்றுக்குக் கனஅளவில் சுமார் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 304 இப்போது 328 ஆகிறது.

அடுத்தது பருவம். எரிபொருள் அதிகம் வேண்டுவது அக்கினி நட்சத்திரத்தில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் நாக்கிங் தொல்லைதான் கோடையினுடையது. எரிபொருளின் உச்சத் தேவை மார்கழி விடியலினுடையது. ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே கனஅளவுக் காற்றைத் தள்ளுகிறது. 41 டிகிரிக் காற்றைவிட 19 டிகிரிக் காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தியானது. மே மாத மதியத்தில், திருத்தம் ஏதும் செய்யாமல் டைனோவில் (திறனை அளக்கும் கருவியில்) அளந்த திறனை வைத்துக் கணக்கிட்டிருந்தால், இந்த 7 சதவீதத்தையும் சேர்த்து 351 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் 3 பார் அழுத்தத்துக்கு உரியது. பூஸ்டை (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தத்தை) பார்த்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயிலின் அழுத்தத்தையும் உயர்த்தும் ரெகுலேட்டர் இருந்தால் அந்த எண் அப்படியே செல்லும். ரெயில் அழுத்தம் மாறாமல் 3 பாரிலேயே நிற்கும் காரில், 0.6 பார் பூஸ்ட் எதிரே தள்ளும்போது மிஞ்சுவது 2.4 பார்தான். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அதை ஈடுகட்ட 393 சி.சி. வேண்டும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவைப் பார்த்தால், ரெகுலேட்டரை மாற்றினால் 380 சி.சி. போதும், மாற்றாவிட்டால் 440 சி.சி.க்குப் போக நேரிடும். ரெகுலேட்டரை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. எந்த வழியாயினும், பெட்ரோல் பம்ப் பூஸ்ட் நேர அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1.13 லிட்டருக்கு மேல் தரக்கூடியதா என்று அளந்து பார்க்காமல் இன்ஜெக்டருக்குப் பணம் கட்டாதீர்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று 1,000 சி.சி. வாங்குவதும் தவறே. ஐடிலில் ஒரு தெளிப்புக்குத் தேவையான பெட்ரோலை அது அரை மில்லி விநாடிக்குள் கொட்டிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் எந்த இன்ஜெக்டரும் ஒரே சீராகத் தெளிப்பதில்லை. திறக்கவே ஒரு மில்லி விநாடி அளவு தாமதமாகும். பேட்டரி வோல்டேஜ் குறையக் குறைய அந்தத் தாமதம் நீளும். இந்தத் தாமத அட்டவணை இல்லாமல் விற்கப்படும் இன்ஜெக்டரை, விலை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

ஈசியூ 12 முதல் 16 ஓம் வரையிலான இன்ஜெக்டருக்கானது என்றால், 2 முதல் 4 ஓம் வகையை நேராக இணைத்தால் ஈசியூவுக்குள் உள்ள டிரைவர் சர்க்யூட் கருகிவிடும். சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு உள்ள தலைக்கு இரு கூம்பாகத் தெளிப்பதை எடுங்கள். உயரம், ஓ-ரிங், கனெக்டர் மூன்றையும் பழையதோடு ஒட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஒருமுறை பழைய செட் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். ஆக்சிஜன் சென்சார் எல்லாம் சரி என்றே காட்டியது. பிறகு டெஸ்ட் பெஞ்சில் ஓடவிட்டபோது, நான்கில் ஒன்று மற்றவற்றைவிட 9 சதவீதம் குறைவாகத் தெளித்தது. நான்கு சிலிண்டரின் புகையும் கலந்த பிறகே சென்சார் அளப்பதால், பெட்ரோல் குறைந்து லீனாக எரியும் ஒரு சிலிண்டர் சராசரிக்குள் ஒளிந்துகொள்கிறது. புதியதோ பழையதோ, பெஞ்சில் ஓட்டி, நான்குக்கும் இடையிலான வேறுபாடு 2 சதவீதத்துக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பூட்டுங்கள்.

பூட்டிய பின், குளிர்ந்த விடியலில் ஒருமுறை, கோடை மதியத்தில் ஒருமுறை, தடத்திலோ டைனோவிலோ முழு பூஸ்டில் ஓட்டி, டியூட்டி சைக்கிளையும் (ஒரு சுழற்சியில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்) லாம்டாவையும் (கலவையின் காற்று எரிபொருள் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண்) பதிவு செய்யுங்கள். முழுச் சுமையில் லாம்டா 0.80-க்கும் 0.85-க்கும் இடையில் நிற்க வேண்டும். விடியற்காலைப் பதிவில் டியூட்டி சைக்கிள் 85 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த அளவு இன்ஜெக்டர் வரும் வரை சூப்பர்சார்ஜரின் புல்லியைப் பெரியதாக மாற்றி, பூஸ்டைக் குறைத்து ஓட்டுங்கள்.