பிளாஸ்மா நீர்ச் சுத்திகரிப்பு: நிறம் போனால் மாசும் போனதாகாது

உயர் மின்னழுத்தத்தில் உருவாகும் பிளாஸ்மா என்னும் மின்னேற்றம் பெற்ற வாயு, நீரில் ஹைட்ராக்சில் தனியுறுப்பு (மிக விரைவாக வினைபுரியும் மூலக்கூறுத் துண்டு), ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைத் தோற்றுவித்துக் கரிம மாசுகளைச் சிதைக்கிறது. இதைச் சோதிப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, மெத்திலீன் நீலச் சாயத்தின் நிறம் சில நிமிடங்களில் மறைவதைக் கண்டு நீர் தூய்மையாகிவிட்டது என்று எழுதிவிடுவதாகும். நிறம் தரும் பிணைப்பு அறுந்தாலே சாயம் வெளுத்துவிடும். ஆனால் மூலக்கூறின் துண்டுகளும், அவற்றிலிருந்து உருவாகும் ஆக்சாலிக், ஃபார்மிக் போன்ற அமிலங்களும் நீரிலேயே தங்கியிருக்கும். மொத்தக் கரிமக் கார்பனை, அதாவது நீரில் எஞ்சும் கரிமப் பொருள்கள் அனைத்திலுமுள்ள கார்பனை, அளக்காமல் மாசு முற்றிலும் சிதைந்தது என்று சொல்ல இயலாது.

அதற்குப் பதிலாக வேதியியல் ஆக்சிஜன் தேவையை (மாசை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை) மட்டும் அளப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. சுத்திகரித்த நீரில் எஞ்சும் பெராக்சைடும் நைட்ரைட்டும் சோதனையில் பயன்படும் டைகுரோமேட்டுடன் வினைபுரிவதால், உண்மையில் இல்லாத மாசு இருப்பதுபோல் அளவு கூடிக் காட்டும். மேலும், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் பெராக்சைடும் ஓசோனும் மாதிரிக் குப்பிக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். எனவே, மாதிரி எடுத்த உடனே தயோசல்பேட் போன்ற ஒன்றைச் சேர்த்து வினையை நிறுத்தாவிட்டால், பத்தாம் நிமிட அளவு என்று குறிப்பது மறுநாளைய அளவாகவும் இருக்கக்கூடும்.

காற்றிலேயே பிளாஸ்மாவை உண்டாக்குவது மலிவானது என்றாலும், காற்றின் நைட்ரஜன் நைட்ரிக் அமிலமாக நீரில் கரைந்து, அமிலத்தன்மையையும் நைட்ரேட்டையும் கூட்டுகிறது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார அமைப்பு தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். சாயத்தை நீக்கும் முயற்சியில் அதை மறந்துவிடக் கூடாது.

வாலை வடிநீரில் கிடைத்த முடிவை ஆலைக் கழிவுநீருக்கு அப்படியே பொருத்துவதும் பிழையே. பைகார்பனேட்டும் குளோரைடும் இயற்கைக் கரிமப் பொருள்களும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை மாசுக்கு முன்பே விழுங்கிவிடுகின்றன. நீருக்குள்ளேயே மின்னிறக்கம் நிகழும் கலன்களில் உப்பு மிகுந்தால் மின்னோட்டம் கசிந்து பிளாஸ்மாவும் சுருங்கிவிடும். ஹைட்ராக்சில் தனியுறுப்பு, பிறந்த இடத்திலிருந்து சில மைக்ரோமீட்டருக்கு மேல் செல்லுமுன்பே வினைபுரிந்து மறைவது என்பதால், மாசை பிளாஸ்மாவின் அருகே கொண்டுசெல்லாமல் மின்திறனை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது வீண்செலவாகவே முடியும்.

எல்லா மாசுக்கும் ஹைட்ராக்சிலே மருந்து என்ற எண்ணமும் சரியன்று. எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மமான பெர்ஃபுளூரோ ஆக்டனாயிக் அமிலத்தை அது ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை. அங்கே நீரின் மேற்பரப்பில் திரளும் மூலக்கூறுகளை எலெக்ட்ரான்கள் தாக்கும்படி ஆர்கான் குமிழிகளைச் செலுத்துவதே பலன் தருகிறது.

ஆற்றல் கணக்கில், கலனுக்குள் செலவாகும் திறனை மட்டும் குறித்துவிட்டு, மின்வழங்கியிலும் எக்கியிலும் வீணாவதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு கன மீட்டர் நீரில் மாசின் செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க, சுவர் இணைப்பிலிருந்து எத்தனை கிலோவாட் மணி எடுக்கப்பட்டது என்று கூறினால்தான் பிற முறைகளோடு நேர்மையாக ஒப்பிட முடியும்.