தூரம் கூடினாலும் நேரம் குறையும்: விமானப் பாதைக்குக் காற்றுக் கணக்கு போடுவது எப்படி?

என் தங்கை நியூயார்க்கிலிருந்து லண்டன் வழியாகப் பெங்களூரு வந்து இறங்குவாள். சேலத்திலிருந்து காரில் போய் அழைத்து வருவது என் வேலை. போன ஜனவரியில் தொப்பூர் தாண்டும்போது கேட்டாள்: "லண்டன்ல இருந்து நியூயார்க் போகும்போது ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகுது. வரும்போது ஆறு மணி நேரம்கூட ஆகலையே, ஏண்ணா?" காற்றுதான் என்றேன். "எவ்வளவு காத்து?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

படி 1. தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் குறியீட்டையும் கொடுத்தால் மிகக் குறுகிய வழி வந்துவிடும். நியூயார்க்–லண்டன் சுமார் 5,540 கி.மீ.

படி 2. உயரம். நல்ஸ்கூல் காற்று வரைபடத்தைத் திறந்து, மூலையில் உள்ள 'எர்த்' என்ற சொல்லைத் தட்டினால் பட்டியல் விரியும். அதில் 1000, 850, 700, 500, 250 என்று எண்கள் இருக்கும். இவை மீட்டர் அல்ல, காற்றழுத்தம். எண் குறையக் குறைய உயரம் கூடும். 850 என்பது ஏறக்குறைய 1,500 மீட்டர், அதாவது நம் ஏற்காடு நிற்கும் உயரம். 250 என்பது சுமார் 34,000 அடி. நீண்ட தூர விமானங்கள் பறப்பது அதை ஒட்டித்தான், அதையே தேர்ந்தெடுங்கள். (பலர் விண்டி செயலியைச் சொல்வார்கள். அதில் உயர அடுக்குகள் கூடுதல், நல்ல செயலிதான். ஆனால் ஜெட் காற்று (உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் காற்று) பாம்பு போல நெளிவதைப் பார்க்க எனக்கு நல்ஸ்கூல்தான் பிடிக்கும். போனில் வேண்டாம், கணினியில் பாருங்கள்.)

படி 3. திசை. என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது இதுதான். கடல் மேல் ஓரிடத்தில் தட்டினால் "270°, 150 கி.மீ." என்பது போல வரும். 270° என்றால் மேற்கு. காற்று மேற்கு நோக்கிப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்கு போட்டேன். தங்கை லண்டனுக்கு வரத்தான் அதிக நேரம் ஆகும் என்று விடை வந்தது! வானிலைக்காரர்கள் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. 270° என்றால் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, அவ்வளவுதான். அதன்பின் எனக்குத் தப்பவில்லை.

படி 4. கணக்கு. பாதையில் ஐந்தாறு இடங்களில் தட்டி, காற்றைக் குறித்துச் சராசரி எடுங்கள். பாதைக்கு நேராக இருந்தால் முழு வேகத்தையும் சேர்க்கலாம். 45° சாய்ந்திருந்தால் பத்தில் ஏழு பங்கு, 60° என்றால் பாதி. விமானத்தின் சொந்த வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 120 என்று வைத்துக்கொள்வோம். பின்காற்றில் 1,020. 5,540 கி.மீ.க்கு 5 மணி 26 நிமிடம். எதிர்காற்றில் 780, அதனால் 7 மணி 6 நிமிடம். ஏறுவது, இறங்குவது, ஓடுதளத்தில் காத்திருப்பது எல்லாம் தனி.

படி 5. இப்போது வழியை மாற்றிப் பாருங்கள். சுவாரசியமே இங்கேதான். மேற்கே போகும்போது 300 கி.மீ. சுற்றி வடக்கே ஒதுங்கினால் எதிர்காற்று 40 தான் என்று வையுங்கள். 5,840-ஐ 860-ஆல் வகுத்தால் 6 மணி 47 நிமிடம். சுற்றிப் போயும் 19 நிமிடம் மிச்சம்! அட்லாண்டிக்கின் மேல் வழித்தடங்களை அன்றாடம் காற்றைப் பார்த்துப் புதிதாக வகுப்பது இதற்காகத்தான். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தைப் பசிபிக் வழியாக விட்டது. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கி.மீ., இது சுமார் 15,300. இருந்தும் பின்காற்றின் தயவில் பழைய வழியைவிட சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

பின்சேர்க்கை 1: விடை ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். வரைபடத்தின் நேரத்தைப் பாருங்கள். அது யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். இன்னொருவர் டெல்லி–நியூயார்க்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அங்கே காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை, மூடிய வான்வெளிகளையும் சுற்ற வேண்டும். முதலில் அட்லாண்டிக்கில் பழகுங்கள்.

பின்சேர்க்கை 2: "ஜூலையில் சேலத்தின் மேல் 250-ல் தட்டினால் காற்று கிழக்கிலிருந்து வருகிறதே, படம் தவறா?" என்று ஓமலூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். சரியாகத்தான் காட்டுகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று கீழே மேற்கிலிருந்து வீசும்போது, மேலே தென்னிந்தியாவைத் தாண்டி எதிர்த்திசையில் ஒரு கீழைக்காற்று ஓடுகிறது. அதன் உச்சம் 14 கி.மீ.க்கும் மேலே. 1958-இல் அதைப் பற்றி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். 850-ஐயும் 250-ஐயும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள், காற்றின் திசை அப்படியே திரும்பும். ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து துபாய்க்குப் போனால், மேற்கே போகும்போதுதான் பின்காற்று.