ஊருக்குப் போய் பல் இம்ப்ளாண்ட் வைக்கலாம்னு இருக்கீங்களா, மூணு வார லீவை நம்பாதீங்க

மேல் கடவாய்ப்பல்லு விழுந்து வருசக்கணக்காயிட்டா அங்க எலும்பு தேஞ்சிரும், மேல இருக்கிற சைனஸும் (மூக்கோட சேர்ந்த காத்தறை) கீழ இறங்கிரும், அப்புறம் செயற்கைப் பல்லைத் தாங்க எலும்புல முடுக்குற ஸ்க்ரூவுக்குப் பிடிமானமே இருக்காது, அதனாலதான் சைனஸ் சவ்வை மேல தூக்கிட்டு அடியில எலும்புத்தூள் வைக்கிறாங்க. நாலஞ்சு மில்லிமீட்டர் எலும்பாவது மிஞ்சியிருந்தா ஸ்க்ரூவையும் அன்னைக்கே வச்சிரலாம். எனக்கு இருந்தது ரெண்டுதான். வச்ச எலும்பு இறுக ஆறு மாசத்துக்கு மேலயும் ஆகும், ஸ்க்ரூ வச்சப்புறம் இன்னும் சில மாசம். கண்டியில நான் போன கிளினிக்ல இதை போன்ல யாரும் சொல்லல, நானும் கேக்கல. தாடை எலும்பை முப்பரிமாணமா காட்டுற சிபிசிடி ஸ்கேனை முன்னாடியே அனுப்பி, எத்தனை தடவை வரணும்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க.

ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சது. ரெண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், ஸ்ட்ரால உறியக்கூடாது, மூச்சு வாங்குற வேலை கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. மஸ்கெலியா வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மாமா வந்து நிக்கிறாரு. "நீ வெளிநாடு போறப்ப ஒன் பேருக்கு சிவனொளிபாதமலை ஏறுறதா வேண்டிக்கிட்டேன் மருமகனே, பதினாலு வருசமாச்சு, எனக்கு முழங்கால் போயிருச்சு, நீயாவது ஏறிரு." டாக்டர் சொன்னதைச் சொன்னேன், அவர் காதுல ஏறல. தன்னோட ஈபிஎப் காசை எடுத்து என்னை பிளேன் ஏத்தினவரு அவரு, அதுக்கு மேல எனக்கு வாய் வரல.

ராத்திரி நல்லதண்ணி அடிவாரத்துல இருந்து ஏறினேன், மாமா கீழ தேத்தண்ணிக் கடையில போர்வையைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. 2,243 மீட்டர் மலை, ஐயாயிரத்துக்கு மேல படி, உச்சியில அந்தக் குளிர் காத்துல மூக்கு ஒழுகி, நினைப்பில்லாம ஒரு தடவை பலமா சிந்திட்டேன். லேஞ்சில ரத்தத்தோட வெள்ளை வெள்ளையா குருணை. மூணாம் நாள் கன்னம் வீங்கி நாத்தம் எடுத்திருச்சு, வச்சதைச் சுத்தமா எடுத்துட்டாங்க.

வைத்தியத்துல குறையில்ல. நல்லா இறுகின எலும்புல வைக்கிற இம்ப்ளாண்ட் நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நிலைக்குது. சிகரெட்டும் கட்டுப்படாத சீனி வியாதியும் அதைக் கெடுக்கும். திரும்புற ப்ளைட்டையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. வேண்டுதல் இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே ஏறிருங்க, சொந்தக்காரங்ககிட்ட தேதியைக் கூட சொல்லாதீங்க.

அந்த வாரம் பூரா நானும் அம்மாவும் ரொட்டியை பிளேன்டீயில ஊறவச்சுத்தான் சாப்பிட்டோம். எனக்கு டாக்டர் சொன்னதால. அம்மாவுக்கு மேல்வரிசையில பல்லே இல்ல, ஏழெட்டு வருசமா இப்படித்தானாம், போன்ல ஒரு தடவை கூட சொல்லல. அடுத்த தடவை முதல்ல அம்மாவைத்தான் பேராதனை பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.