ஏஐ கண்டறி கருவியின் அறிக்கையை ஆசிரியர் படிக்க வேண்டிய முறை

மாணவர் ஒப்படைத்த ஆங்கிலக் கட்டுரையை டர்னிட்டின் என்னும் நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றும் கல்லூரிகளில், உரிய உரிமம் இருந்தால், இன்று இரண்டு எண்கள் கிடைக்கின்றன. ஒன்று நாம் நெடுங்காலமாக அறிந்த ஒப்புமை விழுக்காடு. மற்றொன்று அந்நிறுவனம் 2023 ஏப்ரல் முதல் தந்து வரும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) எழுத்து விழுக்காடு. இரண்டும் அருகருகே ஒரே தோற்றத்தில் வருவதால் இரண்டையும் ஒரே வகைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆசிரியர்களிடையே பரவியிருக்கிறது. ஒப்புமை அறிக்கை எந்த வரி எந்த நூலிலோ இணையப் பக்கத்திலோ உள்ளது என்று சுட்டுகிறது. ஆசிரியர் அந்த மூலத்தைத் திறந்து தம் கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஏஐ விழுக்காட்டுக்குப் பின்னால் அவ்வாறு திறந்து பார்க்க எதுவும் இல்லை. அது ஒரு கணிப்பு மட்டுமே.

இந்தியச் சூழலில் இந்தக் குழப்பத்திற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் 40, 60 என்ற எல்லைகளை ஒட்டித் தண்டனை ஏறும் என்றும் படிகள் வகுத்தன. ஆய்வேட்டு நெறியாளர்கள் அந்தப் படிகளுக்குப் பழகிப்போனார்கள். ஒப்புமைக்காக வகுத்த எல்லைகளை ஏஐ விழுக்காட்டுக்கும் பொருத்தி, இத்தனைக்கு மேல் போனால் குற்றம் என்று முடிவு செய்வதற்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை.

கருவி எதை அளக்கிறது

மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் நிரல். ‘தை பிறந்தால் வழி’ என்று நிறுத்தினால் அடுத்த சொல் எது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. ‘நேற்றுக் கடைத்தெருவில் அவள் வாங்கியது’ என்று நிறுத்தினாலோ அடுத்துப் புடவை வரலாம், மீன் வரலாம், மண்வெட்டியும் வரலாம். ஓர் உரை முழுவதிலும் சொற்கள் எந்த அளவுக்கு எதிர்பார்த்தபடியே வருகின்றன என்பதைக் கணக்கிடும் அளவைக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்று பெயர். சாட்ஜிபிடி போன்ற நிரல்கள் வாய்ப்பு மிகுந்த சொற்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதால் அவற்றின் உரையில் இந்த அளவு குறைவாக இருக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராக இருந்த எட்வர்டு தியான் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஜிபிடிசீரோ இந்த அளவையோடு மற்றொன்றையும் பயன்படுத்தியது. மனிதர் எழுதும்போது ஒரு வாக்கியம் நீண்டும் அடுத்தது குறுகியும் ஏற்ற இறக்கத்தோடு வருவதுண்டு. அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதே அந்த இரண்டாம் அளவை.

டர்னிட்டினின் வழி சற்று வேறானது. மனிதர் எழுதியவை, நிரல் எழுதியவை என்று பிரித்துக் கொடுத்த ஏராளமான உரைகளைக் கொண்டு பயிற்றுவித்த, உரையை இவ்விரு வகைகளாகப் பிரிக்கும் நிரல் அதனுள் இயங்குகிறது. அது கட்டுரையைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக, ஒன்றின் ஓரம் மற்றொன்றில் படியுமாறு வெட்டி, ஒவ்வொரு வாக்கியத்திற்கும் 0 முதல் 1 வரை மதிப்பளித்து, அவற்றிலிருந்து மொத்த விழுக்காட்டைக் கணிக்கிறது. ஆகவே 40 விழுக்காடு என்ற எண்ணுக்கு, இம்மாணவர் ஏமாற்றியிருக்க 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பது பொருளன்று; கருவி கணக்கில் எடுத்துக்கொண்ட உரைநடையில் அத்தனை பங்கு நிரல் எழுதியதாக அது கருதுகிறது என்பதே பொருள். வேறு சில கருவிகளோ முழு ஆவணத்திற்கும் ஒரே நிகழ்தகவைத் தருகின்றன. எனவே அறிக்கையைத் திறந்தவுடன் முதலில் அறிய வேண்டியது, அந்த எண் இவ்விரண்டில் எது என்பதே.

மூன்றாவது வழி நீர்க்குறி. உரையை உருவாக்கும் நிறுவனமே சொல் தேர்வில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சாய்வைப் புகுத்திவிட்டுப் பின்னர் அதைக் கண்டுபிடிக்கும் முறை இது. கூகுள் டீப்மைண்ட் தன் சிந்த்ஐடி முறையை 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் விளக்கியது. எழுதிய நிரல் எதுவென்று தெரியாத நிலையில் ஆசிரியருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. உரையை மறுபடி எழுதினால் குறியும் மங்கிவிடும்.

பிழை எங்கே விழுகிறது

டர்னிட்டின் தன் அறிக்கையில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டப்படும் ஆவணங்களைப் பொறுத்தவரை, நேர்மையான கட்டுரையைத் தவறாகச் சுட்டும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கூறியது. அதற்கு விலையாக நிரல் எழுதிய உரையில் ஏறத்தாழ 15 விழுக்காடு கண்ணில் படாமல் போகலாம் என்றும் ஒப்புக்கொண்டது. கேட்பதற்குச் சிறிய எண்தான். கணக்குப் போட்டால்தான் அதன் உண்மையான அளவு தெரியும். 1,000 கட்டுரைகளில் 100 நிரல் எழுதியவை என்றும், கருவி அவற்றில் 85ஐப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 900இல் 1 விழுக்காடு, அதாவது 9 கட்டுரைகள் தவறாகச் சிக்கும். சுட்டப்பட்ட 94 பேரில் 9 பேர் குற்றமற்றவர்கள். இன்னொரு கல்லூரியில் 1,000க்கு 20 பேர் மட்டுமே நிரலை நாடியிருந்தால், அதே கருவி 17 பேரைச் சரியாகவும் ஏறத்தாழ 10 பேரைத் தவறாகவும் சுட்டும். மாணவர்கள் நேர்மையாக இருக்க இருக்கச் சுட்டப்படுவோரில் குற்றமற்றோரின் பங்கு கூடுகிறது என்பதை அறிக்கை எங்கும் சொல்வதில்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022இல் டர்னிட்டினில் ஏற்றிய 75,000 கட்டுரைகளை வைத்து இத்தகைய கணக்கைப் போட்டு, 1 விழுக்காடு என்றாலும் 750 பேர் தவறாகச் சுட்டப்பட்டிருப்பார்கள் என்று கண்டு, 2023 ஆகஸ்டில் அந்த வசதியை நிறுத்தியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சாட்ஜிபிடியின் உரிமையாளரான ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே உருவாக்கிய கண்டறி கருவியைத் துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றுவிட்டது; அக்கருவி நிரல் எழுதிய உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகச் சுட்டியது.

இந்தப் பிழை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை என்பது நம்மவர்க்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். தவறாகச் சுட்டும் விகிதம் சராசரியாக 61 விழுக்காட்டைத் தாண்டியது. அமெரிக்கப் பள்ளி மாணவர் கட்டுரைகளில் பிழை மிகக் குறைவு. சொல்வளத்தைக் கூட்டித் தருமாறு சாட்ஜிபிடியிடம் கேட்டு அதே டோஃபெல் கட்டுரைகளைத் திருத்தியபோது, தவறாகச் சுட்டும் விகிதம் ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்கு இறங்கியது. தன் சொந்தக் கையால் எளிய ஆங்கிலத்தில் எழுதியவர் மாட்டிக்கொள்ள, நிரலின் உதவியை நாடியவர் தப்பிப்பது விந்தைதான். ஆனால் காரணம் வெளிப்படை. இரண்டாம் மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களையும் பாதுகாப்பான வாக்கிய அமைப்புகளையுமே நாடுவார். அவையே கணிக்க எளிதானவை. தமிழ் வழியில் பள்ளி முடித்து, பொறியியல் கல்லூரியிலோ வெளிநாட்டு முதுகலைப் படிப்பிலோ ஆங்கிலத்தில் எழுதும் மாணவரின் நடை அப்படித்தான் இருக்கும். அந்தச் சோதனையில் இடம்பெற்றவை அன்றைய கருவிகள். பின்னர் வந்தவை மேம்பட்டிருந்தாலும், கணிக்கத்தக்க எழுத்தை ஐயுறும் அடிப்படை முற்றிலும் மறைந்துவிடவில்லை.

தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுதி, கூகுள் மொழிபெயர்ப்பின் வழியாக ஆங்கிலமாக்கி ஒப்படைக்கும் மாணவர்களும் உண்டு. அந்த ஆங்கிலம் உண்மையிலேயே நிரல் ஆக்கியது, கருத்து மாணவருடையது. கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. இதை அனுமதிப்பதா என்பதைத் துறையே முன்கூட்டி எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்த பின்

முதலில் ஆவணம் கருவிக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். டர்னிட்டின் தொடர்ச்சியான உரைநடைக்காகவே அமைந்தது. 300 சொற்களாவது தேவை. கவிதை, நிரல்வரி, அட்டவணை, குறிப்புப் பட்டியல் ஆகியவற்றுக்கு அது உதவாது. 20 விழுக்காட்டுக்குக் கீழான கணிப்பு நம்பத்தக்கதன்று என்பதால் இப்போது அந்நிறுவனம் எண்ணைக் காட்டாமல் உடுக்குறி (*) மட்டுமே இடுகிறது. அதை ஐயத்தின் அறிகுறியாகக்கூடக் கொள்ளலாகாது. தமிழ்க் கட்டுரையை இத்தகைய கருவியில் ஏற்றி வரும் எண்ணுக்கு நான் எந்த மதிப்பும் தரமாட்டேன்.

அடுத்து, எந்தப் பத்திகள் சுட்டப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். முன்னுரையும் முடிவுரையும் எல்லாராலும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் எழுதப்படுபவை. அவை மட்டும் நிறமேறியிருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், நிரல் எழுதிய பகுதிக்கு அடுத்துள்ள மனித வாக்கியங்களும் சேர்ந்து சுட்டப்படுவதுண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐயம் தீரவில்லை என்றால் இன்னும் நான்கு இலவசக் கருவிகளில் ஒட்டிப் பார்க்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கருவிகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றில் ஒன்றாவது தவறாகச் சுட்டும் வாய்ப்பு கூடும். மேற்சொன்ன ஆய்வில் 91 கட்டுரைகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டை ஏதேனும் ஒரு கருவியாவது சுட்டியது. மாணவரின் எழுத்து அறிமுகமற்ற நிறுவனங்களின் கையில் சேர்வதும் முறையன்று. ‘இதை நீயா எழுதினாய்?’ என்று சாட்ஜிபிடியையே கேட்பது அதைவிட மோசம். தான் எழுதியவற்றைச் சேமித்து ஒப்பிடும் வசதி அதற்கு இல்லை, கேட்பவர் சாயும் பக்கம் சாய்ந்து விடை தரும். 2023 மே மாதத்தில் டெக்சாஸில் ஆசிரியர் ஒருவர் அவ்வாறு கேட்டுப் பெற்ற விடையை நம்பியதால், மாணவர் சிலரின் பட்டச் சான்றிதழ்கள் நிறுத்தி வைக்கப்பட்டன.

கருவியைவிட உறுதியான சான்று கட்டுரைக்குள்ளேயே கிடைக்கலாம். மேற்கோள் பட்டியலில் உள்ள நூல்களையும் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். மொழி மாதிரிகள் உண்மையான ஆய்வாளர் பெயரோடு, எழுதப்படாத கட்டுரையையும் வெளிவராத இதழ் எண்ணையும் இணைத்துத் தருவது அடிக்கடி நிகழ்கிறது. இல்லாத நூலை மேற்கோள் காட்டியது ஏன் என்ற கேள்வி, நிரலைப் பயன்படுத்தினாரா என்ற விவாதத்தைச் சார்ந்திராமலேயே நிற்கும்.

அதன்பின் மாணவரை அழைத்துப் பேச வேண்டும். திரையில் உள்ள எண்ணைக் காட்டிப் பேச்சைத் தொடங்கக் கூடாது. இந்தத் தலைப்பை ஏன் எடுத்தார், எந்த நூல் பயன்பட்டது, மூன்றாம் பக்கத்து வாதத்தை வேறு சொற்களில் எப்படி விளக்குவார் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல் கேட்டால், எழுதியவருக்கும் ஒட்டியவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பதற்றத்தில் வாயடைத்துப் போகும் மாணவருக்கு எழுத்தில் விடையளிக்கவும் வாய்ப்புத் தர வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டச் சொல்லலாம். பல நாள்களில் வளர்ந்து, அடித்துத் திருத்திய உரையும் ஒரே நொடியில் முழுதாக வந்து விழுந்த உரையும் அங்கே தனித்தனியாகத் தெரியும். வேறிடத்தில் எழுதி ஒட்டியதாக மாணவர் சொன்னால் அந்தக் கோப்பையோ கையெழுத்துப் படியையோ கேட்டுப் பார்க்க வேண்டும்.

பருவத் தொடக்கத்திலேயே வகுப்பில் அமரவைத்து ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லி வைத்துக்கொண்டால், பின்னர் ஒப்பிட ஒரு மாதிரி கிடைக்கும். ஒப்படைப்புக்கு முன் வரைவொன்றைக் கேட்டு வாங்குவதும் அத்தகையதே. விசாரணை குழுவுக்குப் போகும் நிலை வந்தால், கருவியின் பெயர், சோதித்த தேதி, சுட்டப்பட்ட பத்திகள், மாணவரின் விளக்கம், அவர் காட்டிய வரைவுகள் ஆகிய அனைத்தும் கோப்பில் இருக்க வேண்டும். விழுக்காட்டைத் தவிர வேறு எதுவும் கோப்பில் இல்லையென்றால் அதைக் குழுவுக்கு அனுப்பாமல் கட்டுரையை அதன் தகுதிப்படி மதிப்பிட்டு மதிப்பெண் இடலாம்.