பைக்கை ஏற்றும்போது ஒரு மரக்கட்டை

பிக்கப் வண்டியின் ஹிட்ச்சில் (பின்னால் உள்ள இழுவை இணைப்பு) மாட்டிய தாங்கியில் பைக்கை ஏற்றியதும், அதைக் கட்டும் பட்டையை இறுக்கும் முன் முன்சக்கர டயருக்கும் அதற்கு மேலே ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும், அமுங்கி விரியும் இரு குழாய்கள்) பிடித்திருக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை நிறுத்திவிடுங்கள். கட்டை இல்லாவிட்டால், பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது ஃபோர்க் மேலும் அமுங்கும். அந்த நொடியில் பட்டை தொய்ந்து கொக்கி நழுவிவிடும். கட்டை இருந்தால் அமுங்க இடமில்லை, பட்டை விறைப்பாகவே நிற்கும். மூச்சைப் பிடித்து இறுக்கத் தேவையில்லாததால் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும் பிழைக்கும். (ஒருமுறை சீல் மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

உயரமான மட்கார்டு உள்ள மண்பாதை பைக்குகளுக்கே இது பொருந்தும். மட்கார்டு டயரை ஒட்டியிருக்கும் சாலை பைக்குகளில் கட்டையைத் திணித்தால் மட்கார்டுதான் உடையும். பைக்கும் தாங்கியும் சேர்ந்த எடை, ஹிட்ச்சில் குறிப்பிட்டுள்ள செங்குத்துச் சுமை வரம்பைத் தாண்டுகிறதென்றால் டிரெய்லரில்தான் ஏற்ற வேண்டும்.